முதல் ஊழியர் வாசலில் அமர்ந்தார்

ஆமூனின் முதல் ஊழியர் ஆமென்நக்த், வலைக்காரத் தெருவில் வெரெலின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த அதே முற்பகலில், ஆற்றுக்கு மேற்கே தன் தோட்டத்துக் குளத்தில் வாத்து அடித்துக்கொண்டிருந்தார். இதில் முரண்பாடு ஏதுமில்லை என்று கோவில் பிற்பாடு விளக்கம் தந்தது. தோட்டத்தில் இருந்தது அவருடைய உடம்பு. தெருவில் இருந்தது அவருடைய நிலையான உடம்பு. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் கோவில் எழுத்தர் உசெர்ஹாத் யோசிக்காமல் கல்லைத்தான் காட்டுவார். கல் யாரையும் வேலையைவிட்டு நீக்காது.

நம் நகரத்தில் ஆமூன் சாமி கோவிலின் ஆகப்பெரிய பதவிக்கு ‘முதல் ஊழியர்’ என்று பெயர். அவருக்குக் கீழே இரண்டாம், மூன்றாம், நான்காம் ஊழியர்கள். உண்மையில் ஊழியம் செய்கிறவர்கள் அதற்கும் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சிலை கருங்கல்லில் செய்தது. முழங்காலை மார்போடு ஒடுக்கிக் குந்தியிருக்கும் ஒரு மனிதன். அவன் மேல் கழுத்துவரை ஒரு போர்வை. தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டிக்குமேல் தலையை வைத்தது போல இருக்கும். முன்புறம் முழுக்க எழுத்து. ‘பசித்தவனுக்கு அப்பம் தந்தவன், அம்மணமானவனுக்குத் துணி தந்தவன், விதவையை வாசலில் நிற்க வைக்காதவன்’ என்று ஆமென்நக்த் தன்னைப்பற்றித் தானே சொல்லியிருந்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தாடை மூன்று மடிப்பு. சிலைக்கு இருபத்தைந்து வயது, தாடை ஒன்றுதான்.

கோவிலுக்குப் போகும் கால்வாய் சேறு தட்டிக் கிடந்ததால் படகிலிருந்து இறக்கிய சிலையை மரச்சட்டத்தில் ஏற்றி வலைக்காரத் தெரு வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். நாற்பது பேர் இழுத்தார்கள், ஒருவன் சட்டத்துக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். வெரெலின் வாசலுக்கு நேரே சட்டம் முறிந்தது. முதல் ஊழியர் மெல்லச் சரிந்து, தரையில் நேராக அமர்ந்து, அவள் கதவை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். கதவுக்கும் மூக்குக்கும் நடுவே மூன்று முழம்.

வெரெல் மீன் காயப்போட்டு விற்பவள். கணவன் பாகி பிடித்துக்கொண்டு வருவான். அவள் வயிற்றைக் கீறி, குடலெடுத்து, உப்புத் தடவி, வாசலோரக் கொடிகளில் தொங்கவிடுவாள். வெள்ளம் வடியும் மாதம் அது. வயல் பள்ளங்களில் தங்கிப்போன மடவையும் கெளுத்தியும் கூடை கூடையாக வந்துகொண்டிருந்தன. வருஷம் முழுக்கச் சாப்பிடப்போவது அந்த ஒரு மாதத்து மீனைத்தான். வீட்டுக்குள் மகள் ஹெனுத் நிறைமாதமாக இருந்தாள். மருமகன் எல்லைக் காவலுக்குப் போயிருந்தான்.

சட்டம் முறிந்ததும் நாற்பது பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள். உசெர்ஹாத் மட்டும் தாள்சுருளோடு நின்றார்.

“எப்ப எடுப்பீங்க அய்யா?” என்று கேட்டாள் வெரெல்.

“எதை?”

“இந்தக் கல்லை.”

உசெர்ஹாத் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “கல்லுன்னு சொல்லாதம்மா. காலையில படித்துறையிலயே வாய்திறப்புச் சடங்கு முடிஞ்சுபோச்சு. இப்ப அவர் மூச்சு விடறாரு, பாக்கறாரு, கேக்கறாரு. நீ சொன்னதும் கேட்டிருக்கும்.”

“சரிங்க. அவரை எப்ப எடுப்பீங்க?”

“உயிருள்ள பெரியவரைக் கயித்துல கட்டி இழுக்கலாமா? உங்கப்பனை இழுப்பியா?”

“காலையில இழுத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?”

“அது கயிறு கட்டினதுக்கப்புறம் வாய் திறந்தது. இப்ப கயிறு அவிழ்ந்துபோச்சு. திரும்பக் கட்டினா அது கைது.”

அவள் புரிந்துகொள்ள முயன்றாள். சிலையைக் கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகு வாய்திறப்பு செய்வதுதான் வழக்கம் என்று அவளுக்கே தெரியும். இது ஏன் படித்துறையிலேயே நடந்தது என்பதைத் தூயோர் குழுவின் மூத்தவர் ஹூயி மறுநாள் வந்து, ஒளிவுமறைவு இல்லாமல் விளக்கினார். தூயோர் என்பவர்கள் மாதம் ஒரு குழுவாக முறைபோட்டுக் கோவில் பணி செய்கிறவர்கள். நாள்தோறும் தலை முதல் கால் வரை மழித்துக்கொள்வார்கள், மீன் தொடமாட்டார்கள், கம்பளி உடுத்தமாட்டார்கள்.

“எங்க குழுவோட முறை நேத்தோட முடிஞ்சுது. வாய்திறப்புக்கு ஒரு காளை வெட்டணும். முன்தொடை சிலைக்கு, அதாவது எங்களுக்கு. ஒருநாள் தள்ளிப்போயிருந்தா அந்தத் தொடை அடுத்த குழுவுக்குப் போயிருக்கும். அவங்க சரியா மழிக்கறதுகூட இல்லம்மா. சாமிக்கு ஆகாது.”

“உங்க முறை முடிஞ்சிருச்சுன்னா இன்னிக்கு எதுக்கு வந்திருக்கீங்க?”

“சிலை தெருவுல இருக்கு. தெரு எந்தக் குழுவுக்கும் சேராது. அதனால எங்க தலைவர், முதல் ஊழியர், இங்க இருக்கற வரைக்கும் நாங்களே பாத்துக்கறோம்.” சொல்லிவிட்டுச் சிலையை வாஞ்சையோடு பார்த்தார். “அவசரமே இல்ல.”

தலைவர் தானாக விரும்பினால் நகரலாம். அவர் விருப்பத்தை ஆமூனிடம்தான் கேட்க வேண்டும். திருவிழாவில் ஆமூன் பல்லக்கில் வரும்போது கேள்வி கேட்டால், பல்லக்கு முன்னால் வந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை. அடுத்த திருவிழாவுக்கு எழுபது நாள் இருந்தது.

அன்றே பூசை தொடங்கிவிட்டது. தினம் மூன்று வேளை தலைவரைக் குளிப்பாட்டி, துணி போர்த்தி, சாம்பிராணி காட்டி, முன்னால் அப்பமும் வாட்டிய வாத்தும் தேன் பலகாரமும் பீரும் வைப்பார்கள். வாத்துக் கொழுப்பை உருக்கி உதட்டில் தடவுவார்கள். பத்து மூச்சு விடும் நேரம் எல்லோரும் தலைகுனிந்து நிற்பார்கள். பிறகு தலைவர் மிச்சம் வைத்ததைத் தூயோர் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். தலைவர் எதையுமே மிச்சம் வைக்காமல் இருந்ததில்லை.

“அவர் என்னத்தைச் சாப்பிட்டாரு?” என்று பாகி ஒருமுறை கேட்டுவிட்டான்.

“மணத்தை” என்றார் ஹூயி, வாயிலிருந்து வாத்தெலும்பை எடுத்துவிட்டு.

கொழுப்பு கல்லின் தாடையிலிருந்து வழிந்து, போர்வையில் வழிந்து, ‘பசித்தவனுக்கு அப்பம் தந்தவன்’ என்ற வரியில் தேங்கி, தரைக்கு இறங்கியது. புனிதமானது என்பதால் அதைத் துடைக்கக்கூடாது. நான்கு நாளில் அது மஞ்சளாகி, புளித்து, ஈ அடைந்தது. தலைவர் கறுப்பாக இருந்தது ஈயாலா கல்லாலா என்று சொல்ல முடியாதபடி ஆயிற்று. ஹெனுத் காலையும் மாலையும் சட்டியில் தலையைக் கவிழ்த்து வாந்தி எடுத்தாள்.

ஐந்தாம் நாள் ஹூயி கொடியில் தொங்கிய மீனைப் பார்த்தார். நான்கு நாளாக அது அவர் கண்ணில் படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேலே பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

“தலைவர் மூக்குக்கு நூறு முழத்துக்குள்ள மீன் இருக்கக்கூடாது” என்றார்.

“சரிங்க சாமி. ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

“எப்படித் தூக்குவ? அவர் முகத்துக்கு முன்னாலதானே போகணும்? மீனோட அவர் முன்னால போகக்கூடாது.”

“இங்க இருக்கவும் கூடாது, எடுத்துட்டுப் போகவும் கூடாது. அப்ப மீன் என்னதான் சாமி பண்ணும்?”

“மனு கொடு.”

அவள் மனு கொடுத்தாள். உசெர்ஹாத் அதை எழுதி வாங்கினார், படித்தார், அழகான கையெழுத்து என்று தன்னையே பாராட்டிக்கொண்டார், எடுத்துச் சென்றார். மீனைத் திருப்பிப்போடவோ உப்பு மாற்றவோ கூடாது என்று கொடியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். ஆறு நாள் வெயிலில் மடவைகள் உப்பி, வெடித்து, ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து தரையில் விழுந்தன. விழுந்தவை நெளிந்தன. வெரெல் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷச் சோறு அவள் கண்ணெதிரே புழுவாகிக்கொண்டிருந்தது.

மனுவுக்குப் பதில் வந்தது. மீன் அழுகிவிட்டதால் அது இனி மீன் அல்ல, ஆகவே மனு செல்லாது. ஆனால் நாற்றம் செல்லும். தலைவர் பதினொரு நாள் நாற்றத்தை முகர்ந்ததற்கு வீட்டார் பொறுப்பு. அவர்களைத் தூய்மை செய்ய வேண்டும்.

நாவிதனை அழைத்து வந்து மூவருக்கும் தலையையும் புருவத்தையும் மழித்தார்கள். உவர்உப்பு கரைத்த தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்பளிக்க வைத்தார்கள். முடிந்ததும் ஹூயி அவர்கள் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பேசினார்.

“நீங்க பாக்கியசாலிங்க. உங்க சனத்துல யாருக்கும் தலைவர் முகத்தைப் பாக்கற கொடுப்பினை கிடையாது. நாங்ககூட வருஷத்துல ரெண்டு தடவைதான் பாக்கறோம், அதுவும் அவர் எங்களைத் திட்டறதுக்கு வரும்போது. கல்லா இருக்கும்போது எவ்வளவு சாந்தமா இருக்காரு பாருங்க. எனக்கு இருவத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இந்த ரெண்டு வாரம்தான் நிம்மதி. மூணு வேளை வாத்து. கேள்வி கேக்க ஆளில்ல. சாமி இருக்காருங்கற நம்பிக்கை எனக்கு இப்பத்தான் வந்திருக்கு.”

புருவமில்லாத வெரெலைப் பார்த்துப் பாகி முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

அடுத்த உத்தரவு முதுகைப் பற்றியது. தலைவருக்கு யாரும் முதுகு காட்டக்கூடாது. வெளியே போகும்போது தெருமுனை வரைக்கும் பின்னால் பின்னாலேயே நடக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது பின்புறத்தை முதலில் உள்ளே விட வேண்டும். நிறைமாதப் பெண் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நடந்து கொழுப்பில் வழுக்கினாள். குடம் உடைந்தது, நல்லவேளை அவள் கைகளை ஊன்றிக்கொண்டாள். பாகி பின்சுவரில் ஏணி சாத்தினான். மாடி வழியாக ஏறி இறங்கலாம் என்பது அவன் யோசனை. தலைவர் தலையைவிட உயரமான இடத்தில் மீன்காரன் கால் பட்டது என்று ஏணியைப் பறிமுதல் செய்தார்கள்.

கடைசியில் வீட்டையே சிலையின் முன்கூடம் என்று பதிவு செய்தார்கள். அதில் இருக்கிறவர்கள் மூவரும் முன்கூடப் பணியாளர்கள். பணியாளர் அனுமதியில்லாமல் இடத்தைவிட்டுப் போனால் காது அறுக்கப்படும். இதை உசெர்ஹாத் வாசித்தபோது ஹெனுத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

“அய்யா, பிள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு” என்றாள் வெரெல். “எங்க அண்ணி வீட்டுக்கு அனுப்பிவைக்கறேன். இல்லாட்டி இங்கயே பெத்துக்கட்டும். ஏதாவது ஒண்ணுக்கு விடுங்க.”

உசெர்ஹாத் ஹூயியைப் பார்த்தார். ஹூயி வானத்தைப் பார்த்தார்.

“முன்கூடத்துல ரத்தம் படக்கூடாது. அது தீட்டு. பணியாளர் வெளிய போகணும்னா முதல் ஊழியர் முத்திரை வேணும். முதல் ஊழியர் இங்கதான் இருக்காரு, ஆனா அவருக்குக் கை போர்வைக்குள்ள இருக்கு.”

“அதனால?”

“பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டா என்ன?” என்று கேட்டார் உசெர்ஹாத். கேலியாகக் கேட்கவில்லை. எழுதுகோலை மையில் தோய்த்துவிட்டுத்தான் கேட்டார். “ஒரு அறுபது நாள். திருவிழா முடிஞ்சிரும். ஒத்துக்கறியான்னு சொல்லு, எழுதிக்கறேன்.”

ஹெனுத் தலையைத் தூக்கினாள். “வயித்துல இருக்கறவங்ககிட்ட நீங்களே ஒரு உத்தரவு வாசிச்சுக் காட்டிருங்க அய்யா. உங்க கையெழுத்து நல்லா இருக்கும்னு சொன்னாங்க.”

உசெர்ஹாத் அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்கு எட்டாம் நாள் தோட்டத்து முதல் ஊழியர் இறந்துபோனார். வாத்தெலும்பு தொண்டையில் சிக்கியது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கோவில் அதை ‘மேற்கே சென்றார்’ என்று அறிவித்தது. மறுநாள் காலையிலேயே புதிய முதல் ஊழியர் பதவி ஏற்றுவிட்டார். அவர் பெயர் பாகென்மூத். செத்தவரை அவருக்கு நாற்பது வருஷமாக ஆகாது. அவருடைய முதல் உத்தரவு, ஊரில் எங்கெல்லாம் ஆமென்நக்த் என்ற பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டுத் தன் பெயரை வெட்ட வேண்டும் என்பது.

உளிக்காரன் ஒருவன் உசெர்ஹாத்தோடும் ஹூயியோடும் வலைக்காரத் தெருவுக்கு வந்தான். சிலையின் மார்பில் ஓரிடம், முழங்காலில் ஓரிடம், முதுகில் இரண்டு இடம். ஒரு பிடி கொழுப்பை முழங்கையால் வழித்துப் போட்டுவிட்டுப் பெயரைக் கொத்தி எடுத்தான். நேற்றுவரை மூன்று வேளை வாத்து தின்ற பெயர் தரையில் தூளாக விழுந்தது. ஹூயி அதன்மேல் மிதித்துக்கொண்டு நின்றார்.

“முகம் இருக்கட்டுமா?” என்று உளிக்காரன் கேட்டான்.

“இருக்கட்டும். பதவிக்கு வர்றவங்க எல்லாருக்கும் அதே முகம்தான்” என்றார் உசெர்ஹாத்.

புதுப் பெயரை வெட்டும்போதுதான் சிக்கல் வந்தது. பாகென்மூத்துக்குப் பட்டங்கள் அதிகம். எடுத்த இடத்தில் அத்தனையும் அடங்கவில்லை. எதை விடுவது? ‘ஏழைகளின் தந்தை’ என்பதையா, ‘ஆமூனின் மாட்டுத்தொழுவங்களின் மேற்பார்வையாளர்’ என்பதையா? முன்னதை விட்டுவிடலாம் என்பது ஹூயியின் கருத்து. தொழுவத்தை விட்டால் தலை போய்விடும். ஆனாலும் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று இருவரும் கோவிலுக்குப் போனார்கள். காவலுக்கு நின்ற தூயோரும் பின்னாலேயே புது முதல் ஊழியரின் பதவியேற்பு விருந்துக்குப் போனார்கள். உளிக்காரன் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.

வீட்டுக்குள் ஹெனுத்துக்கு வலி எடுத்தது. வெரெல் நிலைப்படியில் வந்து நின்றாள். எதிரே தலை இருந்தது, கொழுப்பு இருந்தது, ஈ இருந்தது. பெயர் இருந்த இடங்களில் பொருக்கு உரிந்த புண் போல வெள்ளையாக இருந்தது.

“அண்ணே” என்று உளிக்காரனைக் கூப்பிட்டாள். “இப்ப இது யாரு?”

உளிக்காரன் வெங்காயத்தைக் கடித்தபடி பார்த்தான். “பழைய பேரை எடுத்தாச்சு. புதுப் பேரு இன்னும் வெட்டல.” மென்று விழுங்கினான். “இப்ப யாருமில்ல தாயி. வெறும் கல்லு.”

“கல்லைக் கயித்துல கட்டலாமா?”

“கல்லை வேற எதுல கட்டுவாங்க?” என்றவன், தன் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

அவள் தெருவில் இறங்கி நடந்தாள், முன்னால் பார்த்து. பாகியைக் கூப்பிட்டாள், அவன் தெருவைக் கூப்பிட்டான். ஐம்பது பேர் வந்தார்கள். மழிக்கப்படாத தலைகள், மீன் நாறும் கைகள். வலை இழுக்கிற வடக் கயிற்றை முதல் ஊழியர் கழுத்திலும் இடுப்பிலும் சுற்றினார்கள். அடியில் படகுருளைகளைத் தள்ளினார்கள். தெரு ஆற்றை நோக்கிச் சரிவு. இருபத்திரண்டு நாள் கொழுப்பு ஊறிய மண்ணில் சிலை வழுக்கிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தால், கோவிலுக்கு நாற்பது பேர் தேவைப்பட்டதே வீண் என்று தோன்றும். கரையில் ஒரு கணம் நின்றது. பாகி தோள் கொடுத்தான். ஆழமான இடம் அது. ஈக்கள் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலே சுற்றின.

திரும்பிப் போய் வெரெல் கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். ஹெனுத்தைப் பேறுகாலச் செங்கல்கள்மேல் குந்தவைத்து முதுகைத் தாங்கிப் பிடித்தாள். வெயில் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

உசெர்ஹாத்தும் ஹூயியும் உத்தரவோடு வந்தபோது வாசலில் மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. ஹூயி உட்கார்ந்துவிட்டார். காவலில்லாமல் விட்டுப்போனவனுக்கு மூக்கை அறுப்பது வழக்கம். உசெர்ஹாத் தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு தாளை விரித்தார்.

“அவர் எங்க?”

“ஆத்துக்குப் போனாரு” என்றாள் வெரெல்.

“யாராவது கூட்டிட்டுப் போனாங்களா?” என்று கேட்டுவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் சொன்னார்: “இதுக்கு நிதானமா பதில் சொல்லும்மா. யாராவது கூட்டிட்டுப் போயிருந்தா, நாங்க ரெண்டு பேரும் விசாரிக்கப்படுவோம். நாங்க விசாரிக்கப்பட்டா, எங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லவேண்டி வரும். அப்புறம் கோவில்ல யாருக்கும் மூக்கு இருக்காது. சாமி கும்பிடவே ஆளிருக்காது.”

“தானா நடந்து போனாரு” என்றாள் அவள்.

ஹூயி நிமிர்ந்தார். “நடந்தாரா? நீ கண்ணால பாத்தியா?”

“பாத்தேன். பின்னால பின்னாலயே நடந்தாரு. எங்களுக்கு முதுகு காட்டக்கூடாதாம்.”

உசெர்ஹாத் எழுதிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். “ஒரு சிக்கல். பழைய பேரும் இல்ல, புதுப் பேரும் இல்ல. நடந்தது யாருன்னு போடறது?”

இருவரும் யோசித்தார்கள். ஹூயிதான் வழி கண்டார். “பதவின்னு போடு. பதவி தானா எழுந்து நடந்துச்சு. ஆள் யாரும் தேவைப்படல.”

“ரொம்ப சரி” என்றார் உசெர்ஹாத். “எப்பவுமே அப்படித்தானே.”

அப்போது உள்ளே குழந்தை வீறிட்டது. ஹூயி காதைத் தீட்டினார். அற்புதம் நடந்த அன்று, அற்புதம் நடந்த முன்கூடத்தில் பிறந்த குழந்தை கோவிலுக்குச் சொந்தம் என்றார். நல்ல குரல், ஆமூனின் பாடகியாக வரும், நாளைக்கே மழித்துக் கொண்டுபோய்விடலாம், பாட்டிக்கு அது எவ்வளவு பெருமை என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். தீட்டு என்னாயிற்று என்று பாகி கேட்டான். அற்புதத்தின்போது தீட்டு கணக்கில் வராது என்றார் ஹூயி. உசெர்ஹாத் புதுத்தாளில் குழந்தைக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு, “பேரு?” என்று கேட்டார்.

வெரெல் உள்ளே போனாள். ஹெனுத் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “அம்மா, குடுக்காத.”

“குடுக்கல. இங்க தா.”

சிலை போனதும் பாகி ஆற்றிலிருந்து பிடித்து வந்த கெளுத்தியின் குடல் மூலையில் சட்டியில் கிடந்தது. ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் சட்டியையும் எடுத்துக்கொண்டு வெரெல் வாசலுக்கு வந்தாள். இரண்டு பேர் கண்முன்னால், சட்டிக்குள் கையை விட்டு, ஈரலை எடுத்து நசுக்கி, பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத அந்தத் தலையில் உச்சி முதல் நெற்றி வரை தடவினாள். கன்னத்தில் தடவினாள். உதட்டிலும் ஒரு துளி வைத்தாள்.

ஹூயி மேல்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். “என்ன காரியம் பண்ற பாவி? இனிமே ஏழு தலைமுறைக்கு அது போகாது.”

“அதுக்குத்தான் சாமி. கிட்ட வாங்க, உங்களுக்கும் கொஞ்சம் வைக்கறேன்.”

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். ஹூயி தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். உசெர்ஹாத் மட்டும் நின்று, குழந்தைக்கு ஒதுக்கிய வரியை எச்சில் தொட்டுக் கவனமாக அழித்து, ஊதிக் காயவைத்து, தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

குழந்தை நாக்கை நீட்டி உதட்டை நக்கிப் பார்த்தது. பிறகு இன்னும் வேண்டும் என்பதுபோல அழுதது.